உஷார்! துக்க வீட்டுக்கு ‘சிஸ்டம்’ எழுதும் கடிதம்

இறந்துபோனதன் மூலம் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள். 2018-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு வீட்டுக்கு பேபால் என்ற இணையப் பணப் பரிவர்த்தனை நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தின் சாரம் இதுதான். கடிதம் வந்தது இறந்துபோன பெண்ணின் பெயருக்கே. 37 வயது. மார்பகப் புற்றுநோய். அந்த ஆண்டு மே 31-ஆம் தேதி அவர் இறந்தார். அவர் பெயரில் சுமார் 3,200 பவுண்டு கடன் பாக்கி இருந்தது. கணவர் ஒன்றையும் மறைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ், உயில், அடையாள அட்டை நகல் என்று கேட்ட காகிதங்களை எல்லாம் முறையாக அனுப்பிவைத்தார். அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கடிதம் வந்தது. நீங்கள் காலமானதாகத் தகவல் கிடைத்திருப்பதால் கடன் ஒப்பந்தத்தின் 15.4(சி) பிரிவை மீறியவராகிறீர்கள், இந்த மீறலைச் சரிசெய்யவும் வழியில்லை என்று அதில் எழுதியிருந்தது.

சரிசெய்ய வழியில்லையாம். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு அது தெரியாதா?

செய்தி வெளியே வந்து நாறியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கடனையும் தள்ளுபடி செய்தது. ஏன் இப்படி நடந்தது என்று கணவர் கேட்டபோது மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார்கள். மென்பொருள் கோளாறு, தவறான கடித மாதிரி, அல்லது மனிதப் பிழை. இந்த மூன்றில் எது என்று தேடவே வேண்டாம். மூன்றும் ஒன்றுதான். கோளாறான மென்பொருளை எழுதியது ஒரு ஆள். சோதித்துப் பார்க்காமல் ஓடவிட்டது இன்னொரு ஆள். கடித மாதிரி தானாக முளைத்ததில்லை, ஒருவர் வரைந்து ஒருவர் ஒப்புதல் தந்திருப்பார். தவணை கட்டாமல் ஓடிப்போவதையும் செத்துப்போவதையும் ‘மீறல்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிய சட்ட ஆலோசகர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். ‘காலமானார்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் மீறல் கடிதம் கிளம்பட்டும் என்று இரண்டையும் முடிச்சுப் போட்ட பொறியாளர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். இத்தனை பேர் கை பட்ட கடிதத்தைத் தபாலில் போகும் முன் வாசித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளைக்காரன் ஊர்க் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதே இயந்திரம் இப்போது நம் தெருவிலும் ஓடுகிறது. ரேஷன், பென்ஷன், வங்கி, ஆதார், காப்பீடு, தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினி. ஒரு சாவு விழுந்தால் ஒன்றுக்குத் தெரியும், ஒன்பதுக்குத் தெரியாது. தெரிந்ததும் என்ன செய்யும் என்பது வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது, கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது.

நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போனால் நடந்துகொள்ள ஒரு முறை உண்டு. ‘வாங்க’ என்று யாரும் அழைக்க மாட்டார்கள், நாமும் எதிர்பார்ப்பதில்லை. கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது, சும்மா எழுந்து வந்துவிட வேண்டும். ஓரத்தில் கறுப்பு மை தடவி வரும் கருமாதிக் கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைத்திருப்பதில்லை. பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரிந்த இந்தப் பக்குவம் கோடிகளைக் கொட்டி வாங்கிய மென்பொருளுக்குத் தெரியாது. அதன் மேல் கோபப்பட்டு என்ன பயன்? பக்குவம் தெரிந்தவர்கள் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, “ஆட்டோமேட்டிக்கா போயிடும் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்கிறார்களே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கொரோனா இரண்டாம் அலையை நினைத்துப் பாருங்கள். 2021-இன் பிற்பகுதியில், இறந்து மாதங்களான அப்பாவின், அம்மாவின் பெயரில் ‘இரண்டாவது தவணைத் தடுப்பூசி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது’ என்று செல்போனுக்குச் செய்தி வந்ததாக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பத்திரிகைகள் எழுதின. சான்றிதழைப் பதிவிறக்கினால் பெயரும் வயதும் சரியாக இருக்கும். ஆள்தான் இல்லை. கேட்டதற்கு ‘டேட்டா என்ட்ரி பிழை’ என்று பதில் சொன்னார்கள். ஊசி போடாத ஆளுக்கு ஊசி போட்டதாகக் கணினியே கற்பனை செய்துகொள்ளுமா? யாரோ ஒருவர் அந்த எண்ணைத் தட்டினால்தானே பதிவாகும். அவருக்கு மேலே ஒருவர், இன்றைக்குள் இத்தனை எண்ணிக்கை வர வேண்டும் என்று விரட்டியும் இருக்கலாம். மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் போன அப்பாவின் முகம் கண்ணிலேயே நிற்கிற பிள்ளைக்கு அந்தக் குறுஞ்செய்தி என்ன செய்திருக்கும் என்று ‘பிழை’ என்று சொன்ன அதிகாரி யோசித்திருப்பாரா?

கணினிக்கு இறந்தவரைத் தெரியாமலில்லை என்பதுதான் இதில் விசித்திரம். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி), 2023-இல் தந்த அறிக்கையில் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. திட்டத்தின் சொந்தத் தரவுத்தளத்திலேயே இறந்ததாகப் பதிவான 3,446 பேருக்கு அதன் பிறகும் சிகிச்சை நடந்ததாகக் கணக்கு எழுதி 6.97 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகியிருக்கிறது. பில் போட்டவருக்குப் பணம் போகிறது. வாசலில் நிற்கும் விதவைக்கு “பேர் மேட்ச் ஆகலை, நாளைக்கு வாங்கம்மா”.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் துக்கப்பட்ட குடும்பங்களை மாதக்கணக்கில் அலையவிடுவது இந்தப் பெயர்ப் பொருத்தம்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். கணினிகளோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு இரண்டையும் நிரப்பு என்று நிற்கின்றன. எனவே சு. முருகேசன் என்று வாழ்ந்து முடித்த ஒரு மனிதர் ரேஷன் கார்டில் முருகேசன் ஆகிறார். ஆதாரில் முருகேசன் சுப்பையா. வங்கியில் எஸ். முருகேசன். வீட்டுப் பத்திரத்தில் சுப்பையா மகன் முருகேசன். ஆங்கிலத்தில் ‘ஏ’யா ‘இ’யா, ‘எஸ்’ ஒன்றா இரண்டா என்பதில் இன்னும் நாலு விதம் வரும். உயிரோடு இருக்கும்வரை அவரே நேரில் போய் நின்று, கையெழுத்துப் போட்டு, இது எல்லாம் நான்தான் என்று சமாளித்துவிடுவார். போன பிறகு யார் சமாளிப்பது?

இந்தச் சிக்கலுக்கு விதை விழும் இடம் மருத்துவமனையின் சேர்க்கைக் கவுன்டர். நடு ராத்திரி நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். “பேஷன்ட் பேர் என்ன?” என்று கேட்பார்கள். கூட வந்த மச்சானோ பக்கத்து வீட்டுத் தம்பியோ வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவார். வயதைக் குத்துமதிப்பாக ஒரு எண் சொல்வார். மருத்துவமனையில் மரணம் நடந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. அவர்கள் கொடுப்பது அந்த நடு ராத்திரிப் பெயரைத்தான். அதுவே இறப்புச் சான்றிதழில் ஏறுகிறது. இறப்புச் சான்றிதழில் ஏறிய பெயரைத்தான் அப்புறம் வங்கி, காப்பீடு, தாசில்தார் ஆபீஸ் என்று ஊரே பிடித்துக்கொண்டு ஆடும்.

ஆகவே உஷார்! அழுகையின் நடுவில் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உடலை வாங்கும்போது மருத்துவமனை தரும் படிவத்தில் பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி ஆகியவை ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவர் வரிவரியாகப் பார்க்க வேண்டும். அந்த ஆள் மகனாகவோ மகளாகவோ இருக்க வேண்டியதில்லை, சித்தப்பாவோ மருமகனோ செய்யட்டும். மரணம் எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவாகும் என்பதையும் மறக்க வேண்டாம். திருநெல்வேலிக்காரர் மதுரை மருத்துவமனையில் இறந்தால் சான்றிதழ் மதுரையில். 21 நாளைக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வரை போக வேண்டும். தவறு ஏறிவிட்டால் திருத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைப் பதிவாளருக்குத்தான் கொடுத்திருக்கிறது. “சிஸ்டத்துல எடிட் ஆப்ஷன் இல்லைம்மா” என்று ஒருவர் சொன்னால், சட்டம் அதிகாரம் கொடுத்தது உங்களுக்கா சிஸ்டத்துக்கா என்று மரியாதையாகவே கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து வங்கி. இறப்பைத் தெரிவித்ததும் கணக்கை நிறுத்திவைப்பார்கள், அது சரிதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக் கடன் தவணையும் அதோடு நின்றுபோகும். டெபாசிட் பகுதிக்குத் தெரிந்த சாவு கடன் பகுதியின் கணினிக்குத் தெரியாமல் போவதுண்டு. தவணை திரும்பிவந்ததற்கு அபராதம், அபராதத்துக்கு வரி, ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று இறந்தவருக்கே எஸ்எம்எஸ், அப்புறம் கால் சென்டர், அதற்கப்புறம் பதிவு செய்த குரல். அந்தக் குரலிடம் ‘அவர் போய்ட்டாரும்மா’ என்று அழுகிற பெரியம்மாக்கள் உண்டு. அது ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும்.

இறப்பைத் தெரிவிக்கப் போகும்போது ஒரே கடிதத்தில் கணக்கு, கடன், கிரெடிட் கார்டு, லாக்கர் என்று தெரிந்த எல்லாவற்றின் எண்ணையும் எழுதி, எல்லாப் பகுதிக்கும் தெரிவிக்கும்படி கேட்டு, நகலில் முத்திரையும் தேதியும் பெயரோடு கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை மட்டும் போதாது. பின்னால் ‘எங்களுக்குத் தகவல் வரவில்லை’ என்ற வசனம் வரும்போது, வந்தது, இவர் கையில் வந்தது என்று காட்ட ஒரு பெயர் வேண்டும்.

ரிசர்வ் வங்கி இதில் பேசாமல் இல்லை. இறந்த வாடிக்கையாளர்களின் பணத்தைக் குடும்பத்துக்குத் தருவது பற்றி 2025 செப்டம்பரில் புதிய விதிகளை வெளியிட்டு, அவற்றை நடைமுறைப்படுத்த 2026 மார்ச் 31 வரை வங்கிகளுக்குக் கெடு வைத்தது. கேட்ட ஆவணங்கள் அனைத்தும் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் பணம் தீர்க்கப்பட வேண்டும். வங்கியால் தாமதமானால், வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். லாக்கர் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். நாமினி இருக்கும் கணக்குக்கு வாரிசுரிமைச் சான்று கொண்டு வா, ஜாமீன் ஆள் கொண்டு வா என்று வங்கி கேட்கக் கூடாது. நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறை உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனால், “ஹெட் ஆபீஸ் சிஸ்டம் அப்ரூவ் பண்ணணும்” என்ற பதில் வந்ததும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவர மாட்டீர்கள்.

பாஸ்புக்கையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டிலும் 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. பணத்தைப் பிடிக்கும்போது தானாகப் பிடித்த கணினி, ஆள் இறந்தபோது தானாகக் கொடுக்கவில்லை பாருங்கள். கேட்டால்தான் வரும். கேட்கத் தெரியாத குடும்பங்களின் பாஸ்புக்குகளில் அந்த 436 ரூபாய் வெறும் எண்ணாகவே கிடக்கிறது.

செல்போன் விஷயத்தில் இரண்டு பக்கமும் உஷார். இறந்தவரின் சிம்மை உடனே ரத்து செய்துவிட்டால் வங்கி, கேஸ், மின்வாரியம் என்று அவர் எண்ணுக்குப் போகும் ஓடிபி எல்லாம் காற்றில் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால் எண் செயலிழந்து, 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் ஒருநாள் மகளின் போனில் ‘அப்பா டெலிகிராமில் இணைந்துவிட்டார்’ என்று ஒரு அறிவிப்பு குதிக்கும். திறந்தால் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் முகம் தெரியாத ஒரு பையன் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பான். அவன் மேல் குற்றமில்லை; கடையில் புது சிம் வாங்கினான். ஆகவே முதலில் ஒவ்வொரு இடத்திலும் எண்ணை மாற்றுங்கள், பிறகு சிம்மை ஒப்படையுங்கள். அதுவரை அந்தப் போன் வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் வேண்டாம். ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் தெரியும், யுபிஐ பின் தெரியும் என்பதற்காக, காரியச் செலவுக்கு என்றாலும், இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். நாளைக்கு உடன்பிறந்தவர்களே கேள்வி கேட்பார்கள், வங்கியும் கேட்கும்.

கடன் வசூல் அழைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. அப்பா வாங்கிய தனிநபர் கடனுக்கு நீங்கள் கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதவரை, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் கடன் கொடுத்தவர் கேட்க முடியும். உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அழைப்பது இயந்திரமாக இருந்தாலும் அந்த உத்தரவு பொருந்தாதா என்ன? இயந்திரத்தை ஓடவிட்டது கடன் கொடுத்த நிறுவனம்தானே.

அப்புறம் விதவைகளின் குடும்ப ஓய்வூதியம். கணவர் போய்விட்டார் என்று சான்றிதழோடு நிரூபித்த அதே பெண், அடுத்து வருடா வருடம் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் 2014-இல் வந்தது. வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிப் பதியலாம் என்கிற வசதி உண்மையிலேயே நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை அழிந்த கைகளைக் கருவி ஏற்காதபோது, கண்ணில் புரை விழுந்த முகத்தைக் கேமரா அடையாளம் காணாதபோது, ‘தோல்வி’ என்று சிவப்பில் எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது. எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் பாட்டியைக் கண்ணால் பார்த்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தர ஒரு அதிகாரிக்கு அங்கே நேரமிருக்க வேண்டும். காகிதச் சான்றிதழ் வழி இன்னும் மூடப்படவில்லை. ரேகை விழவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப விடாதீர்கள்.

ஆதாரிலும் இப்போது வேகமாக வேலை நடக்கிறது. இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சுமார் 1.17 கோடி ஆதார் எண்களை முடக்கியதாக 2025 ஜூலையில் ஆதார் ஆணையம் அறிவித்தது. குடும்பத்தினரே இறப்பைத் தெரிவிக்கும் வசதியும் அந்த ஆண்டு ஜூனில் வந்தது. இறந்தவர் அடையாளத்தை வைத்து எவனும் கடன் வாங்காமல் இருக்க இது தேவைதான். ஆனால் நான் மேலே சொன்ன முருகேசன் கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஒரே தெருவில் மூன்று முருகேசன்கள் உள்ள ஊர் நம் ஊர். ஒப்பிடும் வேலையை எந்திரம் செய்யட்டும். முடக்கும் முன் ஒரு கண் பார்க்க வேண்டும்.

பார்க்காமல் விட்டால் எதுவரை போகும் என்பதற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. அங்கே அரசு உதவித்தொகை பெறுபவர்கள் அதிகமாக வாங்கிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க ‘ரோபோடெட்’ என்று பின்னால் பெயர் பெற்ற ஒரு தானியங்கித் திட்டம் ஓடியது. ஒருவரின் வருடச் சம்பளத்தை 26 இருவாரப் பகுதிகளாகச் சமமாகப் பிரித்துக் கணக்குப் போடும். மூன்று மாதம் வேலை, ஒன்பது மாதம் வேலையின்மை என்று வாழும் ஏழைக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? முன்பெல்லாம் ஊழியர் ஒருவர் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார். அந்த ஊழியரை எடுத்துவிட்டு, கடன் இல்லை என்று நிரூபிப்பது உன் பாடு என்று கடிதத்தை அனுப்பினார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தப்பான கடன். தற்கொலைகள் நடந்தன. மகன்களை இழந்த தாய்மார்கள் விசாரணை ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். 2023 ஜூலையில் ஆணையர் கேத்தரின் ஹோம்ஸ் தந்த அறிக்கை, திட்டம் சட்டவிரோதமானது, கொடூரமானது என்றது. சிஸ்டம் மீது பழி போட்டு அவர் முடித்துக்கொள்ளவில்லை. எந்த அமைச்சர் என்ன சொன்னார், எந்த அதிகாரி எந்தச் சட்ட ஆலோசனையை மேலே போகவிடாமல் அமுக்கினார் என்று பெயர் பெயராக எழுதினார். மேல் நடவடிக்கைக்கு உரியவர்களைப் பற்றித் தனியாக முத்திரையிட்ட ஒரு அத்தியாயமும் கொடுத்தார்.

அப்படியொரு அத்தியாயம் நம்மிடம் இல்லை. நம் அலுவலகங்களில் தவறு நடந்ததும் முதலில் காணாமல் போவது பெயர்கள்தான். ஒப்பந்த நிறுவனம் என்பார்கள், ‘வெண்டார்’ என்பார்கள், டெல்லியில் இருக்கும் சர்வர் என்பார்கள். கவுன்டரில் இருக்கும் பெண்ணைத் திட்டிவிட்டு நாமும் வந்துவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு மாதம் பத்தோ பன்னிரண்டோ ஆயிரம் சம்பளம் இருக்கும். திரையில் ஒரு எழுத்தை மாற்றும் உரிமைகூட இருக்காது. அவர் மேல் பாயாதீர்கள். இதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார், அவருக்கும் கடுப்பு இருக்கும்.

அலுவலகங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள், வேண்டுகோள் என்ன, எச்சரிக்கையே. உங்கள் மென்பொருளில் ‘இறந்தார்’ என்ற கட்டத்தை ஒருவர் தொட்டதும் என்னென்ன கடிதம், என்னென்ன எஸ்எம்எஸ், என்னென்ன அழைப்பு கிளம்புகிறது என்று இன்றைக்கே அச்சிட்டு மேசையில் வைத்து வாசியுங்கள். உங்கள் அம்மா பெயரைப் போட்டு வாசியுங்கள். இறந்தவர் வீட்டுக்குப் போகும் எந்தச் செய்தியும் ஒரு மனிதரின் பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் இல்லாமல் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட எத்தனை கோடி செலவாகும்? பிரிட்டனில் இறப்பைப் பதிந்ததும் ஒரே முறை சொன்னால் வரி, ஓய்வூதியம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என்று அரசுத் துறைகள் பலவற்றுக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது. கணினியை அப்படியும் பயன்படுத்தலாம்.

கணினிக்கு நல்லது மட்டும் தெரியும், கெட்டது தெரியாது என்பதைப் பற்றி ஒரு தாய் எழுதியது மறக்க முடியாதது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் ஜிலியன் பிராக்கெல், 2018-இல் குழந்தை இறந்தே பிறந்த பிறகும் தனக்குக் குழந்தைப் பொருள் விளம்பரங்களே வந்துகொண்டிருந்ததைப் பற்றித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நான் கர்ப்பமானதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் இருக்கும்போது, குழந்தை இறந்ததைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் மட்டும் ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. விற்க முடிந்ததைக் கற்றுக்கொடுத்தவர்கள் மற்றதைக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்துவிட்டால் அந்தக் கடிதத்தையோ குறுஞ்செய்தியையோ ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். கருமாதிக் கார்டு இல்லை இது, கிழிப்பதற்கு. படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்றே விஷயம் கேளுங்கள். இந்தச் செய்தியை அனுப்பும் முடிவுக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரும் பதவியும் என்ன? இறப்புத் தகவலை நாங்கள் இந்தத் தேதியில் இவரிடம் கொடுத்தோம், அது எங்கே நின்றது? இனி எங்களோடு பேசப்போகும் ஒரு மனிதர் யார்? வங்கியானால் 30 நாளில் திருப்தியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மாநில அரசு அலுவலகம் என்றால் ‘முதல்வரின் முகவரி’ உதவி எண் 1100. பண நஷ்டம் தனி, மன உளைச்சல் தனி. குறைதீர்ப்பாளரிடம் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்க இடமிருக்கிறது. நம்மில் பலர் அதைக் கேட்பதே இல்லை, செத்தவரை வைத்துக் காசு பார்க்கிறான் என்று ஊர் பேசும் என்ற பயத்தில். பேசட்டும். மன உளைச்சலுக்கான பத்தியைப் புகாரில் விட்டுவிடாமல் எழுதுங்கள்.